மாமாட காலும் உன்ர லாச்சியும்

மகன்,

இதைப் போனில சொல்ல ரெண்டு தரம் எடுத்துப் பாத்தனான். ஒருக்கா நீ காரில இருந்தாய், மற்றத் தரம் மருமகள் சுகி பக்கத்தில நிண்டவ. அதோட, உன்னோட கதைக்கேக்க நான் "சாப்பிட்டியோ" எண்டதில துவங்கி "சரி வைக்கிறன்" எண்டதில முடிக்கிற ஆள். நடுவில வேற ஒண்டும் என்ர வாயால வராது. அதால பேப்பர் எடுத்துவைச்சு எழுதுறன். எழுதி ஒவ்வொரு பக்கமாப் படம் பிடிச்சு அனுப்புவன். எழுத்து விளங்கேல்லை எண்டு சாட்டுச் சொல்லாத. முப்பது வருசம் அரசாங்கக் கச்சேரியில எழுதின கை இது. விளங்கேல்லை எண்டு ஒருத்தரும் ஒரு கோவையைத் திருப்பி அனுப்பினதில்லை. நீ தனிய இருக்கிற நேரம் பாத்து வாசி. வாசிச்சு முடியுமட்டும் எனக்குப் போன் எடுக்காத.

போன கிழமை நீ போனைத் தூக்கிக்கொண்டு புது வீடு முழுக்கக் காட்டினனி. குசினி, பிள்ளைக்கு வாங்கிவைச்ச தொட்டில், பின் வளவு, கடைசியா உங்கட அறை. நான் ஒரு கதைக்குத்தான் கேட்டனான், புது இடம், அக்கம்பக்கம் ஆக்களைத் தெரியாது, பயமில்லையோ எண்டு. நீ சிரிச்சுக்கொண்டு கட்டிலடி மேசையின்ர மேல் லாச்சியை இழுத்துக் காட்டினனி. "பயப்பிடாதேங்கோ அம்மா, இது இருக்கு." கறுப்பா, என்ர கண்ணாடிக் கூட்டைவிடக் கொஞ்சம் பெரிசா, ஒரு துணிக்கு மேல கிடந்தது. நான் தலையை ஆட்டினனான். அம்மா ஆறுதல் பட்டிட்டா எண்டு நினைச்சிருப்பாய். பிறகு நீ சொன்ன கதைதான் என்னைக் கொண்டுவந்து இந்தக் கதிரையில இருத்தினது. "மாமாட காலை நினைச்சுத்தான் அம்மா வாங்கினனான். எங்களிட்ட அப்ப ஒண்டும் இல்லாததாலதானே எங்களுக்கு அப்பிடி நடந்தது. என்ர பிள்ளைக்கு அப்பிடி நடக்க விடமாட்டன்." பின்னுக்குச் சுகி நிண்டவ. அவ சிரிக்கேல்லை, அதையும் பாத்தனான்.

அண்டையில இருந்து சூட்கேஸ் அறைக்குள்ள வாயைத் திறந்துகொண்டு கிடக்கு. சுகிக்குப் பிள்ளை பிறந்த பிறகு குடுக்கிற சரக்குத் தூள் இடிச்சு, வறுத்த கறித்தூளும் கட்டி, பழைய வேட்டி கிழிச்சு மெல்லிய துணியும் மடிச்சு வைச்சனான். டிக்கெட்டும் நீ அனுப்பிப்போட்டாய். இப்ப அதில ஒரு துணியைத் தூக்கி வைக்கவும் கை வரேல்லை, வைச்சதை வெளிய எடுக்கவும் கை வரேல்லை. உள்துறைமுகத்தில நிக்கிற கப்பல் ஊதேக்க ஊதேக்க எழும்பிப் போய்ச் சூட்கேசைப் பாக்கிறன். வீட்டுக்குள்ள இருக்கவும் ஏலாமல், வெளிக்கிடவும் ஏலாமல், எலிக்கூட்டுக்குள்ள எலி மாதிரிச் சுத்திக்கொண்டு திரியிறன்.

ரெண்டு நாள் கழிச்சு நானாத்தான் எடுத்து, இதுக்கு லைசன்ஸ் இருக்கோ எண்டு கேட்டனான், ஞாபகமிருக்கும். நீ சிரிச்சாய். இந்த மாநிலத்தில அதெல்லாம் தேவையில்லையாம். கடைக்குப் போய், ஒரு படிவம் நிரப்பி, அவன் கொம்பியூட்டரில எதையோ பாத்து, அரை மணித்தியாலத்தில பெட்டியோட வெளிய வந்தனியாம். சுகிக்குச் சப்பாத்து வாங்கவே இதைவிடக் கூட நேரம் எடுத்ததாம். நீ முந்தி இருந்த மாநிலத்தில எண்டா விண்ணப்பம், விரலடையாளம், வகுப்பு, கிழமைக்கணக்கில காத்திருப்பு. அங்க இருக்கேக்க நீ சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில சுட்டுப்போட்டான் எண்டு ரீவியில காட்ட, நான் பதகளிச்சு உனக்கு எடுத்தனான். நீ என்ன சொன்னனி? "அது வேற மாநிலம் அம்மா. இங்க சட்டம் இறுக்கம். சட்டம் இறுக்கமான மாநிலங்களில பொதுவாத் துவக்கால சாகிறது குறைவு, தளர்ந்த இடங்களிலதான் கூட. நான் கணக்குப் பாத்தனான்." அமெரிக்கா வரைபடத்துக்குக் கலர் அடிச்சு ஒண்டு அனுப்பினனி. நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்து, என்ர பிள்ளை இருக்கிற இடம் வெளிறின கலர் எண்டு நிம்மதியாப் படுத்தனான். இப்ப கடுங்கலர் அடிச்ச பக்கத்துக்கு மாறினாப்போல, "சட்டத்தில ஒண்டும் இல்லை அம்மா, சுடுறவன் எங்கையும் சுடுவான், இறுக்கமான மாநிலத்துக்காரன் பக்கத்து மாநிலத்தில வாங்கிக்கொண்டு வருவான்" எண்டுறாய். அடேய், வேலை மாறினோடன கணக்குமோ மாறிறது?

நான் உன்னை மாதிரிப் புள்ளிவிவரம் படிச்சவ இல்லை. வறுமை, குடி, பெரிய பட்டினம் எண்டு நீ சொல்லுற மற்றக் காரணங்களும் இருக்கும்தான், இல்லை எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனா பக்கத்து மாநிலத்தால வருது எண்டால் அது பக்கத்து மாநிலத்தின்ர பிழை. இறுக்கினவன்ர பிழை எண்டு எப்பிடிச் சொல்லுவாய்? எங்கட மாவட்டத்துக்குள்ளையே நான் அதைக் கண்டனான். ஒரு பிரிவில கிராம சேவையாளர் காணியைப் போய்ப் பாத்து, வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு விசாரிச்சுத்தான் ஒப்பம் வைப்பார். இன்னொரு பிரிவில ஆள் கதிரையை விட்டு எழும்பாமலே வைப்பார். அங்க ஒப்பம் வாங்கின துவக்கு டிரக்டரில ஏறி இங்க வந்து வெடிக்கும். அப்ப நாங்கள் கதிரையில இருந்தவரைத்தான் திட்டினனாங்கள். நடந்து போய்ப் பாத்தவரைப் பாத்து, நீ ஏன் வீணா நடந்தனி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

ஓம், துவக்கு லைசன்ஸ் மேசை கன வருசம் என்ர மேசைதான். நீ பள்ளிக்கூடம் விட்டு அங்க வந்து, வாங்கில இருந்து வீட்டுப்பாடம் செய்திருக்கிறாய். யானைக்கும் காட்டுப் பண்டிக்கும் எண்டு வயல்காரருக்குக் குடுக்கிற துவக்குகள் வருசத்துக்கு ஒருக்கா என்ர மேசைக்கு வரவேணும். துவக்கில அடிச்சிருக்கிற நம்பரையும் புத்தகத்தில இருக்கிற நம்பரையும் நான் விரல் வைச்சு ஒத்துப் பாப்பன். கந்தளாயில இருந்து ஒரு சிங்கள ஐயா வருவார். துவக்கைப் பெண்சாதியின்ர பழைய சீத்தைத் துணியில சுத்தி, பச்சைப் பிள்ளையைக் கொண்டு வாற மாதிரி கொண்டு வருவார். ஒரு வருசம் அவற்ற கிராம சேவையாளர் குறிப்பில எழுதியிருந்தார், வீட்டில இருக்கிற வளர்ந்த மகன் குடி, கொஞ்ச நாளா ஆரோடையும் கதைக்கிறதில்லை எண்டு. நான் அந்த வரிக்குக் கீழ கோடு போட்டு மேல அனுப்பினன். எங்கட மேலதிகாரி புதுப்பிக்காமல் நிப்பாட்டி, துவக்கைப் பொலிசில ஒப்படைக்கச் சொன்னார். அந்த ஐயா என்னைக் கண்டபாட்டுக்குத் திட்டினவர். யானை வந்து வயலைத் திண்டா நீயா வந்து கலைக்கிற எண்டு கேட்டவர். எனக்கும் கோவம்தான், நானும் விடேல்லை, எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில குடுத்தனான். சில மாசம் கழிச்சு ஆள் திரும்ப வந்தார். துவக்கைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. மேசைக்கு முன்னால நிண்டு, "அந்த மாதம் ஒரு நாள் பொடியன் வீடு முழுக்கத் துவக்குத் தேடினது நோனா. வீட்டில இல்லை" எண்டார். அவ்வளவுதான். சொல்லிப்போட்டுப் போயிட்டார். அந்தப் பேப்பர் ஒருத்தரையும் கட்டி வைக்கேல்லை மகன். ஒரு சுணக்கம் தந்தது. அந்தச் சுணக்கத்துக்குள்ள அந்தப் பொடியனுக்கு விடிஞ்சிட்டுது. உன்ர கணக்கில அப்பிடி ஆக்கள் வரமாட்டினம், ஏனெண்டா அவை உயிரோட இருக்கினம்.

இவ்வளவும் தெரிஞ்ச மனிசிதான் உன்ர அம்மா. இனி எழுதப்போறதை நிண்டுகொண்டு வாசிக்காத, எங்கையாவது இருந்து வாசி.

மாமாட கால் மிதிவெடியில போகேல்லை.

உனக்கு அப்ப ஒன்பது வயசு. சண்டை நிறுத்தம் எண்டு சொல்லி ஆக்கள் திரும்ப வயலுக்குப் போகத் துவங்கின காலம். அப்பாவுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில வேலை எண்டாலும், மனம் முழுக்கத் தம்பலகாமத்து வயலிலதான். என்ர தம்பி, உன்ர பாலன் மாமா, அங்கயே ஒரு அறையில தங்கி வயல் பாத்தவர். வருசக்கணக்காச் செய்யாமல் கிடந்த காணி, பண்டி குடும்பத்தோட வந்து கிண்டிப்போட்டுப் போகும். விடியப் போய்ப் பாத்தா வயிறு எரியும். எங்கட ஆக்கள் அந்த நேரம் துவக்கு லைசன்ஸ் எண்டு வாய் திறந்தால், எதுக்கெண்டு வேற இடத்தில கூப்பிட்டுக் கேப்பினம். அப்பா எனக்குச் சொல்லாமல் எங்கையோ போய் ஒரு கட்டுத்துவக்குக் கொண்டு வந்தார். உனக்குத் தெரியாது அது என்னெண்டு. பண்டி வாற பாதையில நிலத்தோட கட்டி வைக்கிற நாட்டுத் துவக்கு. குறுக்கால ஒரு கம்பி ஓடும். கம்பியில கால் பட்டால் வெடிக்கும். பிடிச்சுச் சுட ஆள் தேவையில்லை. வாறது பண்டியோ மனிசனோ எண்டு பாக்க அதுக்குக் கண்ணுமில்லை. அதுக்கு ஒரு நாளும் லைசன்ஸ் இல்லை, பிடிபட்டால் மறியலுக்குள்ள அடைப்பினம். அதுவும் அந்தக் காலத்தில எங்கட ஆள் ஒருத்தர் வெடிக்கிற சாமானோட பிடிபட்டால், பண்டிக்குக் கட்டினது எண்டு சொன்னா ஆர் நம்புவினம்?

எனக்குத் தெரிய வந்தோடன சண்டை பிடிச்சனான். நாள் முழுக்கத் துவக்கு மேசையில இருந்து மற்றவைக்குப் புத்தி சொல்லிப்போட்டு, பின்னேரம் இந்த வீட்டை வாறதோ எண்டு கேட்டனான். "பொழுதுபடக் கட்டி, விடிய ஆக்கள் நடமாட முந்தி நானே அவிட்டிடுவன். எனக்குத் தெரியாதோ" எண்டார். மற்ற ஆக்கள் கட்டேக்க வயல் வரம்பில அடையாளத்துக்குக் கொப்பு நட்டு, பக்கத்து வயல்காரருக்கும் ஒரு சொல் சொல்லி வைப்பினம். அப்பா கொப்பும் நடேல்லை, சொல்லவும் இல்லை. கொப்பு நட்டால் ஆமி காணும். சொன்னால் கதை போகும். பாலன் மாமாவுக்கும் சொல்லேல்லை. அவன்ர வாய் உனக்குத் தெரியும்தானே, ஒண்டைச் சொன்னால் சந்தைக்கே தெரிஞ்சிடும். அப்பா மாமாவை மேல் வரம்பில மட்டும் நடமாடவேண்டாம் எண்டு ஏதோ பாம்புக் கதை சொல்லி வைச்சிருந்தார். இந்த விசயம் தெரிஞ்சது அப்பாவுக்கும் எனக்கும்தான். நானும் நாளடைவில வாயை மூடிக்கொண்டன். அந்தப் போகம் நெல்லு தப்பினதைக் கண்டு உள்ளுக்குச் சந்தோசமும் பட்டனான், அதையும் எழுதத்தானே வேணும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலமை அப்பா வேலைக்கு வெளிக்கிடேக்க, சப்பாத்துப் போட்டுக்கொண்டு சொன்னவர், "இண்டைக்குப் பின்னேரம் அதைக் கீழ் வரம்புக்கு மாத்திறன். பாலன் உன்னட்டை வருவான், நான் ஆளைக் காணமாட்டன். நாளைக்குக் காலமை கீழ் வரம்பால போகவேண்டாம் எண்டு அவனிட்டச் சொல்லு." நான் ஓம் எண்டனான். இந்தப் பக்கத்தைத்தான் மகன், நான் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

மாமா பின்னேரம் வந்தவர். உனக்கு ஒரு பை நிறைய விளாம்பழம் கொண்டு வந்தவர், நீ சீனி போட்டுத் திண்டனி. குசினிக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சு, என்னோட பகிடி விட்டுக்கொண்டிருந்தார். கச்சேரியில என்னோட வேலை செய்த ஒரு மனிசியும் அந்த நேரம் வந்து இருந்தவ. கீழ் வரம்பால போகாதை எண்டால் ஏன் எண்டு கேப்பான், பாம்புக் கதையைத் திரும்பச் சொன்னால் நம்பமாட்டான். ஏன் எண்டு சொன்னால் துவக்குக் கதை வெளியில வரும். லைசன்ஸ் மேசையில இருக்கிறவவின்ர வீட்டில கட்டுத்துவக்கு எண்டு அந்த மனிசி திங்கக்கிழமை கச்சேரி முழுக்கச் சொல்லிப்போடுவா. அவ போகட்டும் எண்டு இருந்தன். அவ போகமுந்தி மாமா பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு எழும்பிட்டார். படலை மட்டும் பின்னால போனனான். அங்கையாவது சொல்லியிருக்கலாம். "அக்கா, உன்ர முகம் என்ன ஒரு மாதிரிக் கிடக்கு" எண்டு கேட்டவன். ஒண்டுமில்லை, வேலைக் களைப்பு எண்டனான். சனிக்கிழமைதானே, எட்டு மணிக்கு முந்தி இவன் எங்க வயலுக்குப் போகப்போறான், அதுக்குள்ள அப்பா அவிட்டிடுவார் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு படலையைச் சாத்தினனான்.

விடிய மாடு வேலியை உடைச்சிட்டுது எண்டு ஆரோ சொல்ல, மாமா ஆறு மணிக்கு முந்தி ஓடியிருக்கிறார். கீழ் வரம்பால. அப்பா துவக்கை அவிழ்க்கிறதுக்கு வயலுக்குள்ள இறங்கி நடந்துகொண்டிருந்தவர், நூறு அடி இருக்கும் எண்டவர். வெடிச் சத்தம் கேட்டு ஓடிப் போய்த் தூக்கினது அவர்தான். ஆஸ்பத்திரியில ஆரோ மிதிவெடியோ எண்டு கேட்டினம். அப்பா வாய் திறக்க முந்தி மாமாதான், அந்த நோவுக்குள்ள, ஓம் மிதிவெடி எண்டவர். அத்தானைக் கொண்டுபோய் அடைச்சிடுவாங்கள் எண்டு பயம். டொக்டர் காயத்தைப் பாத்தார், என்ர முகத்தைப் பாத்தார், பிறகு எதையோ எழுதினார். முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு. அப்பா அந்தத் துவக்குக் குழாயை வேற தண்ணிக் குழாய்களோட சேத்துச் சைக்கிளில கட்டி, சோதனைச் சாவடியளைத் தாண்டிக் கொண்டு வந்து, இந்தத் துறைமுகத்துக்குள்ளதான் போட்டவர். உலகத்தில நல்ல ஆழமான துறைமுகம் எண்டு வாறவன் போறவன் எல்லாம் புழுகுவாங்கள். எனக்கு அந்த ஆழம் காணாது. இண்டைக்கும் ஜெற்றிப் பக்கம் போனால் நான் தண்ணியைப் பாக்கிறதில்லை.

பிறகு அந்தப் பொய்யை நாங்கள் பாடுபட்டு வளக்கத் தேவையே வரேல்லை. எங்கட ஊரில ஒருத்தருக்குக் கால் இல்லையெண்டா மிதிவெடி எண்டு சொன்னால் போதும், மேற்கொண்டு ஒரு கேள்வி வராது. ஆமி வைச்சதோ இயக்கம் வைச்சதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, அவரவர் தங்கட மனசுக்கு ஏத்த ஆளை வைச்சுக்கொண்டினம். மிதிவெடியில கால் போன ஆக்கள் எண்டு ஒரு பட்டியல் எடுத்து, பொய்க்கால் குடுத்தினம். மாமாட பேரும் அதில. உண்மையா வெடியில போன ஆக்களோட அவர் வரிசையில நிக்க, நான் வெளிய நிண்டு வெக்கத்தில செத்தனான். நீ பள்ளிக்கூடத்தில "என் மாமாவின் கால்" எண்டு பேசி முதலாம் பரிசு எடுத்தாய். நான் முன் வரிசையில இருந்து கை தட்டினனான். அமெரிக்காவில படிக்கிறதுக்கு விண்ணப்பம் போடேக்க, உன்னைப் பற்றி எழுதச் சொன்ன கட்டுரையிலையும் அந்தக் கால்தான். இங்கிலீசில எழுதி, எனக்குத் தமிழில சொல்லிக் காட்டினாய். கடைசி வரி, "நிராயுதபாணிகளாக நின்ற ஒரு குடும்பத்தின் பிள்ளை நான்" எண்டது. நான் நல்லா இருக்கு எண்டனான். வேற என்ன சொல்ல? அப்பா அப்ப கதவடியில நிண்டவர், கிணத்தடிக்குப் போயிட்டார். அவர் சாகுமட்டும் அந்த வயலுக்குத் திரும்பப் போகேல்லை. உனக்கு அதுக்கும் ஒரு காரணம் சொல்லி வைச்சனான், முழங்கால் நோ எண்டு.

இப்ப விளங்குதோ? எங்களிட்டத் துவக்கு இல்லாததால மாமாட கால் போகேல்லை. இருந்ததாலதான் போனது. நீ அந்தப் பொய்யைக் கடல் தாண்டிக் கொண்டுபோய், அதுக்கு ஒரு துவக்கும் வாங்கி, பிள்ளையின்ர தொட்டிலுக்குப் பக்கத்து அறையில வைச்சிருக்கிறாய். இதை உனக்குச் சொல்லாமல் விட்டால் நான் என்ன தாய்? சொன்னால், மாமாவுக்கு முதல் சொல்லவேணும். மாமா அடுத்த அறையில. அவருக்கு அது அத்தான்ர துவக்கு எண்டு தெரியும். எனக்கு முதல்நாளே சொல்லி வைச்சிருந்தது, நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துப்போட்டுச் சும்மா இருந்தனான் எண்டு தெரியாது. அத்தான் இல்லாமல் போன பிறகும் "பாவம் அத்தான், தனிய மனசுக்குள்ள வைச்சுச் செத்தார்" எண்டு சொல்லிக்கொண்டிருந்த மனிசன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு அடைப்புத்தான் மகன்.

செவ்வாய்க்கிழமை சொல்லிப்போட்டன். மாமா முன் வாசலில இருந்து ஆரோ ஒருத்தரின்ர போட் எஞ்சினைக் கழட்டித் துடைச்சுக்கொண்டிருந்தவர். படலையடியில ஒரு மான் வந்து நிண்டது, எங்கட தெருவில திரியிறதுகள்தான், அதுக்கு வாழைப்பழத் தோலை எறிஞ்சுபோட்டுத் திரும்பினார். நான் நிண்டபடி எல்லாத்தையும் சொன்னன். உன்ர லாச்சிக் கதையையும் சொன்னன். அழுதனான், அவர் அழேல்லை. துடைச்ச துணியை மடிச்சு வைச்சார். "படலையடியில உன்ர முகத்தைப் பாத்துக் கேட்டனான்தானே அக்கா" எண்டார். ஓம் எண்டன். "உன்ர கதையை நான் பிறகு பாக்கிறன். முதல்ல அவனுக்கு எழுது. என்ர காலைச் சொல்லித் துவக்கு வாங்கினவன் எண்டால், அந்தக் காலை எனக்குத் திருப்பித் தரச் சொல்லு. அது அவன்ர கால் இல்லை." அதுக்குப் பிறகு இண்டைக்கு நாலு நாள். சாப்பாட்டைப் போட்டு மேசையில வைச்சால் எடுத்துக்கொண்டு முன்னுக்குப் போயிடுவார். கோப்பையைக் கழுவி வைப்பார். என்னோட ஒரு சொல் இல்லை. நான் கேக்கவும் இல்லை, கேக்க எனக்கு என்ன முகம் இருக்கு?

நீ இப்ப என்ன சொல்லுவாய் எண்டும் எனக்குத் தெரியும். பூட்டி வைக்கிறன் அம்மா, திறப்பு என்னட்ட எண்டுவாய். விடிய முந்தி அவிட்டிடுவன் எண்டு உன்ர அப்பாவும் சொன்னவர், அவர் உன்னைவிடக் கவனமான மனிசன். கள்ளனுக்குத்தான் எண்டுவாய். பண்டிக்குத்தான் எண்டவர். லாச்சியைத் திறக்கிற கை ஆரின்ர கை எண்டு அதுக்குத் தெரியாது. சுகிக்குப் பிள்ளை பிறந்த பிறகு மனம் சோர்ந்து போற ஒரு நாள் வரும், எல்லாருக்கும் வாறதுதான், எனக்கும் வந்தது. உனக்கும் வேலை போற நாள் வரலாம். பிள்ளை நாலு வயசில கதிரையை இழுத்துவைச்சு ஏறும், நீ ஏறின மாதிரி. உன்ர மாநிலம் உன்னட்ட ஒண்டும் கேக்காது எண்டாய். வீட்டில ஆர் ஆர் இருக்கினம், எங்க வைப்பாய், ஆர் எடுப்பினம் எண்டு உனக்கு முன்னால ஒரு மேசை போட்டு ஒருத்தரும் இருக்கேல்லை. அப்ப நான் கேக்கிறன். கேக்கவேண்டிய நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தவ எண்டபடியால்தான் கேக்கிறன். அதை ஆருக்கும் விக்காத, அது இன்னொருத்தன்ர லாச்சிக்குத்தான் போகும். பொலிசில கொண்டுபோய்க் குடு. குடுத்திட்டன் எண்டு நீ சொன்னால், நான் சூட்கேசைக் கட்டுறன். இல்லையெண்டால் இந்தச் சரக்குத் தூளைத் தபாலில அனுப்புறன், சுகிக்கு எப்பிடிக் காய்ச்சிறது எண்டு போனில சொல்லிக் குடுப்பன். பேரப்பிள்ளையைப் படத்தில பாப்பன். என்னைக் கல்லு எண்டு சொன்னாலும் சொல்லு. அந்த வீட்டுக்குள்ள வந்து, திரும்பவும் தெரிஞ்சுகொண்டு சும்மா இருக்க என்னால ஏலாது.

நீ லாச்சியைச் சாத்தேக்க மெதுவாச் சொன்ன ஒரு கதையை நான் இன்னும் எழுதேல்லை. அண்டையில இருந்து என்ர காதில அதுதான் நிக்குது. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அம்மா, இது இங்க இருக்கிறது எனக்கும் சுகிக்கும் மட்டும்தான் தெரியும்" எண்டனி.

கீழ் வரம்பில இருந்ததும் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும், மகன்.

அம்மா